வெளி விசைப்பலகையும் மவுஸும்

மடிக்கணினியின் விசைகள் சில தேய்ந்து செயலற்றுப்போன பின்னும் அக்கருவியைக் கைவிட மனம் வராதவர்கள், யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றையும் மவுஸ் ஒன்றையும் அதில் செருகிய மாத்திரத்தில் உள்ளே நிகழும் காரியம் மெய்யாகவே ஆச்சரியத்துக்குரியது. 1996-இல் முதற்பதிப்பாக வெளிவந்த யூஎஸ்பி நியமத்தைச் சார்ந்த விதிகளின்படி, சாதனமே தன் வகையை எண்களால் அறிவிக்கிறது: மனிதர் கையாளும் கருவிகளுக்கு வகையெண் 3, அதனுள் விசைப்பலகைக்கு 1, மவுஸுக்கு 2. ஆகையால், தயாரித்தவர் யாராயினும், யூனிக்ஸ் வம்சத்து இயங்குதளமான ஓபன்பிஎஸ்டி பெரும்பாலும் தனி டிரைவர் எதையும் கேட்பதில்லை. இந்தத் தீர்க்கதரிசனத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

பழைய பலகையிலிருந்தும் புதியதிலிருந்தும் வரும் விசைச் செய்திகளை, இரண்டு ஓடைகள் ஓர் ஆற்றில் கலப்பதுபோல், அவ்வியங்குதளத்தின் டபிள்யூஎஸ்மக்ஸ் என்னும் பகுதி ஒன்றாக்கித் திரைக்கு அனுப்புவதால், இரண்டிலும் மாறிமாறித் தட்டச்சு செய்யலாம். மவுஸுக்கும் இதே ஏற்பாடுதான்.

எதுவும் அசையவில்லையெனில், 'டிமெசேஜ்' கட்டளையின் இறுதி வரிகளைப் பார்க்கவேண்டும். விசைப்பலகைக்குரிய 'யூகேபிடி', மவுஸுக்குரிய 'யூஎம்எஸ்' என்ற பெயர்கள் அங்கே தோன்றாவிடில், முதலில் கேபிளையோ துளையையோ மாற்றிப் பார்ப்பதே உசிதம். பெயர் தோன்றியும் எழுத்துகள் இடம் மாறி விழுமாயின், 'கேபிடி' கட்டளையால் பலகையின் தேச அமைப்பைத் திருத்திவிடலாம்.