பக்கவாதம் வந்த கைக்கும் ஒரு வேலை வேண்டும்

என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்ட பிறகு ஈப்போவில் தாமான் வீட்டுக்குக் குடிவந்தார். இங்கும் அவர் சும்மா இருந்ததில்லை. வாசலில் வெண்டையும் முருங்கையும் வளர்த்தார்.

ஒருநாள் பக்கவாதம் தாக்கி, வலக்கை செயலிழந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியவருக்கு நாங்கள் சோறு ஊட்டினோம், தலை வாரிவிட்டோம். குவளையைக்கூட எடுக்க விடவில்லை. "நீங்க சும்மா உட்காருங்க பாட்டி" என்றோம். இரண்டே மாதத்தில் அவர் பேச்சும் குறைந்துபோனது. அறிவியல் பாடம் நடத்தும் எனக்கே எங்கள் தவறு தாமதமாகத்தான் புரிந்தது.

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ அப்பகுதி நரம்பணுக்கள் மடிகின்றன. ஆனால், அருகிலுள்ள அணுக்கள் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையின் ஒரு பகுதியை ஏற்க முடியும். இதுவே மூளையின் நெகிழ்திறன்.

இதை அமெரிக்க ஆய்வாளர் ரண்டால்ஃப் நூடோவின் குழு 1996-இல் குரங்குகளிடம் காட்டியது. கை அசைவை இயக்கும் மூளைப் பகுதியில் சிறிய பாதிப்புக்கு உள்ளான குரங்குகள், சிறு குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை எடுக்கப் பழக்கப்பட்டன. அவற்றின் மூளையில் கைக்குரிய பகுதி காக்கப்பட்டது. சிலவற்றில் அது முழங்கை, தோள் ஆகியவற்றுக்குரிய பகுதிக்குள்ளும் பரவியது. பயிற்சி பெறாத குரங்குகளோ, பாதிக்கப்படாத பகுதியையும் ஓரளவு இழந்தன.

அப்படியானால் கையை வெறுமனே நூறு முறை ஆட்டினால் போதுமா? போதாது. பெரிய குழியிலிருந்து எளிதாக உணவை எடுத்த குரங்குகளின் மூளையில் இத்தகைய மாற்றம் ஏற்படவில்லை என்று அதே குழு 2000-இல் தெரிவித்தது. கைக்குச் சற்றுச் சவாலான வேலை தேவை. மேசையில் உண்மையான காசுகள் இருந்தபோது, காசு இருப்பதாகப் பாவனை செய்ததைவிடப் பக்கவாத நோயாளிகளின் கை வேகமாகவும் சீராகவும் நகர்ந்ததை மற்றோர் ஆய்வு கண்டது. கைக்கு ஒரு நோக்கம் இருந்தால் அசைவும் மேம்படுகிறது.

பயன்படுத்தாத கை, பயன்படாமலே பழகிப்போகிறது என்பதை உளவியலாளர் எட்வர்ட் டாப் விளக்கினார். அவர் வகுத்த முறையை 222 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2006-இல் வெளியானது. சிகிச்சை பெற்றவர்களின் நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கைக்கு இரண்டு வாரம் தீவிரப் பயிற்சி தரப்பட்டது. அதன் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. ஓரளவு விரல் அசைவு உள்ளவர்களுக்கே இது பொருந்தும். வீட்டில் நாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

நம் அரசு மருத்துவமனைகளில் 'பெமுலிஹான் சாராகெர்ஜா' என்ற பிரிவு உண்டு. வேலை செய்வதன் வழியே மறுவாழ்வு தருவது அதன் பணி. அங்கிருந்த சிகிச்சையாளர் எங்களிடம் முதலில் கேட்டது, "பாட்டிக்கு என்ன வேலை பிடிக்கும்?" என்பதுதான்.

அன்று மாலை முருங்கைக்கீரையை அவர் முன் வைத்தோம். வலக்கை காம்பைப் பிடிக்க, இடக்கை இலையை உருவியது. ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு மணி நேரம் ஆனது. பாதி தரையில் சிந்தியது. "தண்ணி கொதிச்சிருச்சா?" என்று அடுப்படியைப் பார்த்து அதட்டினார். பல வாரங்களுக்குப் பிறகு நாங்கள் கேட்ட பழைய குரல் அது.

அந்தக் கை இனி உளி பிடிக்காது. ஆனால் இன்று கீரை ஆய்கிறது, துணி மடிக்கிறது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் முன்பு விரும்பிச் செய்த வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுங்கள். உட்கார்ந்து செய்யட்டும். கத்தி, நெருப்பு, வழுக்கும் தரை ஆகியவற்றைத் தவிருங்கள். தொடங்கும் முன் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ 1996-இல் தொடங்கிய நாசாம் எனும் தேசிய பக்கவாதச் சங்கத்துக்கு ஈப்போவிலும் மையம் உண்டு.

அவர் மெதுவாகச் செய்வார். அதைப் பொறுத்துக்கொள்வதுதான் நாம் செய்யும் உதவி.