மின்சாரத்தால் கறுக்கும் கூலிங் கிளாஸ்: இதில் எது புதிது?

கொளுத்தும் வெயிலில் காரோட்டி வருபவர் மலையைக் குடைந்த சுரங்கச் சாலைக்குள் நுழைகிறார். அதுவரை கண்ணைக் காத்த கூலிங் கிளாஸ் அந்த நொடியில் ஆபத்தாகிவிடுகிறது. வெயில் பட்டால் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் கண்ணாடியும் அவருக்குப் பெரிதாக உதவாது. ஒருமுறை கறுத்தால் அது தெளிய நிமிடக் கணக்கில் நேரம் பிடிக்கும். கறுப்பதற்கே அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். காரின் முன்கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அவருக்குத் தேவை, கண் இமைக்கும் நேரத்தில் கறுக்கவும் தெளியவும் தெரிந்த கண்ணாடி.

அப்படிப்பட்ட கண்ணாடி இருக்கிறது. கைக்கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண்களைக் காட்டும் திரவப் படிகம்தான் அதற்குள்ளும் இருக்கிறது. மெல்லிய இரண்டு பிளாஸ்டிக் அல்லது கண்ணாடித் தகடுகளின் உட்புறத்தில், மின்சாரம் கடத்தக்கூடிய, ஆனால் கண்ணுக்குத் தெரியாத இண்டியம் டின் ஆக்சைடு பூச்சு. தகடுகளுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் இடைவெளி. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் திரவப் படிகம் நிரப்பப்படுகிறது. அதன் மூலக்கூறுகள் குச்சி வடிவானவை. திரவத்தைப்போல் வழிந்தோடும், ஆனாலும் படிகத்தைப்போல் ஒரே திசை நோக்கி நிற்கும். சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் அத்தனையும் சேர்ந்து திசை மாறும்.

திசை மாறினால் ஏன் கறுக்க வேண்டும்? அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைக்கடிகாரத்தின் வழி: இருபுறமும் போலராய்டு தாள்களை ஒட்டி, நடுவிலுள்ள மூலக்கூறுகளை 90 பாகை முறுக்கி வைப்பது. முறுக்கு இருக்கும்போது ஒளி கடக்கும். மின்சாரம் முறுக்கைக் குலைத்தால் ஒளி தடைபடும். ஆனால் போலராய்டு தாள் எந்த நிலையிலும் பாதி ஒளிக்கு மேல் விழுங்கிவிடுவதால், இந்தக் கண்ணாடி ஒருபோதும் முழுதாகத் தெளியாது. சுரங்கத்துக்குள் நுழைந்தவருக்கு அது போதாது. இன்னொரு வழி, திரவப் படிகத்தோடு சாய மூலக்கூறுகளைக் கலப்பது. வயலில் நெற்பயிர் சாயும் பக்கமே ஊடே முளைத்த களையும் சாய்வதுபோல, திரவப் படிகம் திரும்பும் திசையிலேயே சாயமும் திரும்பும். சாயக் குச்சிகள் ஒளிக்குக் குறுக்கே படுத்தால் கண்ணாடி கறுக்கும்; ஒளி வரும் திசையிலேயே நின்றால் தெளியும். இதை 1960களில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் செய்து காட்டினார்.

இனிமேல்தான் சிக்கலான கேள்வி வருகிறது. ‘மின்சாரத்தால் கறுக்கும் கூலிங் கிளாஸ்’ என்று ஒருவர் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தால், அதில் எதை அவருடையது என்று ஒப்புக்கொள்வது?

வெர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா நகரில் தலைமையகம் கொண்ட அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில், இந்தக் கேள்வி ஆய்வாளர் ஒருவரின் மேசைக்குப் போகும். விண்ணப்பத்தில் படங்களும் பல பக்க விளக்கங்களும் இருக்கும். ஆனால் சட்டத்தின் கண்ணில் எடை உள்ளவை கடைசியில் வரும் உரிமைக் கோரல்களே. ஒவ்வொரு கோரலும் எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதும் வேலையை இங்கே அந்த ஒற்றை வாக்கியம் செய்கிறது.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் கோரல் இப்படி இருக்கிறது: ‘இரு வில்லைகளும், ஒவ்வொரு வில்லையிலும் ஒரு திரவப் படிக அடுக்கும், சட்டத்தில் ஓர் ஒளி உணரியும், உணரி அளக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப அந்த அடுக்குக்கு மின்னழுத்தம் கொடுக்கும் சுற்றும் கொண்ட மூக்குக் கண்ணாடி.’ படித்தால் புதுமையாகத்தான் தோன்றும். இந்த வாக்கியம் அப்படியே ஏற்கப்பட்டால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, எந்தச் சாயம், எந்த வடிவம், எந்த வேதிக் கலவை என்றில்லாமல், அமெரிக்காவில் இப்படிப்பட்ட எல்லாக் கண்ணாடிகளுக்கும் அந்த ஒருவரிடமே அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் ஆய்வாளரின் வேலை இவ்வளவு முக்கியமாகிறது.

அவர் முதலில் செய்வது தேடல். காப்புரிமைகள் உலகெங்கும் பொருள்வாரியாக வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. மின்சாரத்தால் ஒளியைக் கட்டுப்படுத்தும் மூக்குக் கண்ணாடிகளுக்கு ‘ஜி02சி 7/101’ என்று தனி வகுப்பே உண்டு. திரவப் படிகக் கருவிகள் ‘ஜி02எஃப் 1/13’ வகுப்பில் கிடக்கின்றன. அங்கே கைவைத்தால் பழைய ஆவணங்கள் வரிசையாக வரும். அடர்த்தியைத் தொடர்ச்சியாகவும் விரைவாகவும் மாற்றக்கூடிய மூக்குக் கண்ணாடி வில்லைக்கு 1981இலேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருக்கிறது. அதில் இருப்பது திரவப் படிகம்தான். ‘எலெக்ட்ரானிக் சன்கிளாசஸ்’ என்ற தலைப்பிலேயே சீக்கோ எப்சன் நிறுவனத்துக்கு 1991இல் ஒரு காப்புரிமை கிடைத்தது. காலணி விற்கும் ரீபாக் நிறுவனமும், நிறத்தை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் திரவப் படிகக் கூலிங் கிளாஸுக்கு 1992இல் காப்புரிமை பெற்றிருக்கிறது. கடைக்கு வராத பொருள் என்பதால் ஓர் எண்ணம் புதிதாகிவிடாது. காகிதத்தில் வெளிவந்திருந்தாலே போதும்.

மூக்குக் கண்ணாடி வகுப்போடு தேடலை நிறுத்தவும் கூடாது. வெல்டிங் பட்டறையில் தீப்பொறி எழுந்த கணமே கறுத்துக்கொள்ளும் முகக்கவசத்தை நினைத்துப் பாருங்கள். சுவீடனில் உருவான ஸ்பீட்கிளாஸ் என்ற கவசம் 1981இல் சந்தைக்கு வந்தது. ஒளி உணரி, சுற்று, திரவப் படிக வடிகட்டி என நம் கற்பனைக் கோரலின் உறுப்புகள் பெரும்பாலும் அதில் இருக்கின்றன. அது கூலிங் கிளாஸ் அல்லதான். ஆனாலும் அதிக ஒளியிலிருந்து கண்ணைக் காப்பது என்ற அதே சிக்கலைத் தீர்க்கிறது என்பதால் ஆய்வாளர் அதைத் தாராளமாகச் சான்றாக வைக்கலாம்.

கோரலின் எல்லா உறுப்புகளும் ஒரே பழைய ஆவணத்தில் இருந்தால் அது புதிதல்ல. பேச்சு அத்தோடு முடிந்தது. உறுப்புகள் இரண்டு மூன்று ஆவணங்களில் சிதறிக் கிடந்தால்தான் தகராறு. அவற்றைச் சேர்ப்பது அத்துறையில் சாதாரணத் திறன் உள்ள ஒருவருக்கே தோன்றக்கூடியதா என்று கேட்க வேண்டும். காரின் ஆக்சிலரேட்டர் பெடல் பற்றிய ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் இதற்கு வழிகாட்டியது: தெரிந்த பாகங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றும் வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது பெரும்பாலும் கண்டுபிடிப்பாகாது. 1981 வில்லையோடு வெல்டிங் கவசத்தின் உணரியைச் சேர்த்த நம் கற்பனைக் கோரல் இந்த இடத்தில் விழுந்துவிடும்.

விழுந்தால் கதை முடிந்ததா என்றால், இல்லை. நிராகரிப்புக் கடிதம் வந்ததும் விண்ணப்பதாரர் கோரலைக் குறுக்கித் திரும்பி வருவார். உண்மையான கண்டுபிடிப்பு வெளியே வருவது பெரும்பாலும் அப்போதுதான். திரவப் படிகக் கூலிங் கிளாஸில் தீர்க்க வேண்டிய கடினமான சிக்கல்கள் ஏராளம். கண்ணாடி முகத்தோடு பொருந்த வளைந்திருக்க வேண்டும். வளைந்த இரு தகடுகளுக்கு நடுவே மைக்ரோமீட்டர் இடைவெளி எங்கும் ஒரே சீராக நிற்க வேண்டும். பனிச்சறுக்கு ஆடுபவர் அணிந்தால் குளிரில் திரவம் கெட்டியாகி, மாற்றம் மந்தமாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்பது. காரோட்டும்போது கண்ணாடி கறுத்த நிலையில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மின்சாரம் இல்லாதபோது தெளிந்திருக்கவும், மின்சாரம் பாயும்போது கறுக்கவும் ஏற்ற கலவையைக் கண்டுபிடிப்பது வேதியியலில் பெரிய உழைப்பு. ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் நகரிலுள்ள ஆல்ஃபாமைக்ரான் நிறுவனம் போலராய்டு தாள் இல்லாமல், வளையும் பிளாஸ்டிக்கில், சாயக் கலவை முறையில் இதைச் சாதித்தது. பத்தில் ஒரு நொடியில் நிறம் மாறும் பனிச்சறுக்குக் கண்ணாடிகள் இந்த வழியில்தான் வந்தன. அப்படிப்பட்ட உழைப்புக்குக் காப்புரிமை கொடுப்பதே நியாயம். ‘கறுக்கும் கண்ணாடி’ என்ற பொது ஆசைக்குக் கொடுத்தால் உழைத்தவருக்கும் அது தடையாகிவிடும்.

கென்ட் நகரத்துக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. முறுக்கிய திரவப் படிகத்துக்கு ஸ்விட்சர்லாந்தில் ஹாஃப்மன் லா ரோச் நிறுவனத்தின் மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃபிரிச் இருவரும் 1970 டிசம்பர் 4 அன்று விண்ணப்பித்தார்கள். கென்ட்டில் இருந்த ஜேம்ஸ் ஃபெர்கசன் அமெரிக்காவில் விண்ணப்பித்தது 1971 ஏப்ரல் 22 அன்று. நான்கரை மாதம் பிந்தியும் அமெரிக்கக் காப்புரிமை ஃபெர்கசனுக்கே கிடைத்தது; முதலில் விண்ணப்பித்தவரைவிட முதலில் கண்டுபிடித்தவரையே அன்றைய அமெரிக்கச் சட்டம் மதித்தது. கடைசியில் ரோச் நிறுவனம் அவருடைய உரிமையை விலைக்கு வாங்கிச் சண்டையை முடித்துக்கொண்டது. 2013 மார்ச் 16 முதல் அமெரிக்காவிலும் முந்தி விண்ணப்பிக்கும் கண்டுபிடிப்பாளருக்கே முன்னுரிமை.

ஆய்வாளருக்கு ஒரு விண்ணப்பத்தின்மேல் செலவிடக் கிடைப்பது மணிக்கணக்கான நேரம்தான், மாதங்கள் அல்ல. சான்றுகளோ உலகம் முழுதும் சிதறிக் கிடக்கின்றன. எந்த நாட்டில், எந்த மொழியில் அச்சாகிப் பொதுமக்கள் கைக்கு எட்டியிருந்தாலும் அது செல்லும். சி.வி. ராமனின் சகோதரி மகன் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உருவாகும் என்று பெங்களூரில் கண்டறிந்து 1977இல் வெளியிட்டது ‘பிரமாணா’ என்ற இந்திய ஆய்விதழில். பின்னாளில் எல்சிடி திரைகளைப் பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகப் பார்க்க உதவிய படலங்களுக்கு அந்த மூலக்கூறுகளே பயன்பட்டன. அந்த இதழும் அலெக்சாண்டிரியாவில் சான்றுதான். தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் உரிய தேதிக்கு முன் வெளிவந்த தெளிவான தொழில்நுட்ப விளக்கமும் அப்படியே.

இதனால்தான் 2012 செப்டம்பர் 16 அன்று அமெரிக்காவில் ஒரு கதவு திறக்கப்பட்டது. பொதுவாக 18 மாதம் கழிந்ததும் விண்ணப்பம் வெளியிடப்படும். அதன்பின் விண்ணப்பத்தோடு தொடர்பில்லாத யாரும், அதைப் பாதிக்கக்கூடிய பழைய ஆவணங்களை, ஒவ்வொன்றும் எப்படிப் பொருந்துகிறது என்ற சுருக்கமான குறிப்போடு அனுப்பலாம். வெளியாகி ஆறு மாதம் ஆகும் நாள், முதல் நிராகரிப்பு வரும் நாள், இவற்றில் பிந்தியது கெடு. அதற்கிடையே ஒப்புதல் கடிதம் போய்விட்டால் வாய்ப்பு முடிந்தது. முதல் முறை மூன்று ஆவணங்கள் வரை கட்டணமில்லை. வெல்டிங் கவசம் செய்யும் பொறியாளரோ, கண் மருத்துவக் கல்லூரி மாணவரோ, பழைய இதழ்களைப் புரட்டும் பழக்கமுள்ள ஒருவரோ இதைச் செய்யலாம். இந்தியச் சட்டத்தின் 25(1) பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது: காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுவே கொடுக்கலாம். சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்துக்கும் இதே விதிதான்.

வெளியான விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஆய்வாளரும் விண்ணப்பதாரரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அமெரிக்க அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நம் கற்பனை விண்ணப்பதாரர், நிராகரிப்பிலிருந்து தப்ப, ‘போலராய்டு தாள் இல்லாத’ என்ற சொற்களைக் கோரலில் சேர்த்தார் என்று வைத்துக்கொள்வோம். காப்புரிமை கிடைத்த பிறகு, போலராய்டு தாளோடு கண்ணாடி செய்யும் போட்டியாளர்மேல், ‘இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே’ என்று அவர் வழக்குப் போட்டால், நீதிமன்றம் அந்தக் கடிதக் கோப்பைத் திறக்கும். உரிமை பெறுவதற்காக விட்டுக்கொடுத்த எல்லையை வழக்கில் மீட்டெடுப்பது கடினம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் ஃபெஸ்டோ வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. அந்தப் போட்டியாளர் துணிந்து தொழில் தொடங்கலாமா என்பதற்கு விடை தேடும் வழக்கறிஞர், காப்புரிமைப் பத்திரத்தோடு அந்தக் கோப்பையும் வரி விடாமல் படிப்பார்.