மார்க்கு இல்லாத பரீட்சை

பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்வதே நமது தொழில். ஆயினும், தயார் செய்யச் செய்யக் கெட்டுப் போகும் பரீட்சையும் ஒன்று உண்டென்பதைச் சென்ற வருஷந்தான் அறிந்துகொண்டோம்.

நம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். கணக்கில் வெகு கெட்டிக்காரன். மூளை முடக்குவாதத்தின் காரணமாகக் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலால் நடப்பவன். ஒரு நாள் அவனுடைய தாயார் லீவு கேட்க வந்தார். ஆஸ்பத்திரியில் அவன் நடையைக் கருவிகளால் அளந்து, காலில் ஆபரேஷன் செய்வதா, வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறார்களாம். "பத்து நாளாகக் குதிகாலை ஊன்றி நடக்கப் பழக்கியிருக்கிறேன், ஸார். இப்போது எவ்வளவோ தேவலை" என்றார். நாமும் "பேஷ்!" என்று சிறுவனைத் தட்டிக் கொடுத்தோம்.

தட்டிக் கொடுத்தது தவறு. அங்கே அவன் பரேடில் செல்லும் சிப்பாயைப் போல் விறைத்துக்கொண்டு நடந்தானாம். பரிசோதித்த அம்மாள் எவ்வளவோ பேச்சுக் கொடுத்தும், சுபாவமான நடை வருவதற்குள் பையன் களைத்துப் போனான். களைத்த நடையும் கணக்குக்கு உதவாது. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுபாவமான நடைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நுனிக்காலால் நடக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் கெண்டைத் தசைதான் இறுகியிருக்கிறது என்று சொல்ல முடியாது. முழங்காலும் இடுப்பும் மடங்கியே இருப்பதாலும் குதிகால் மேலே எழும்பலாம். அதை அறியாமல் குதிகால் தசைநாணை அளவுக்கு மீறி நீட்டிவிட்டால், பிள்ளை முழங்காலை மடக்கிக்கொண்டு கூனி நடக்க நேரிடலாம். பிறகு அதைச் சரிப்படுத்துவது பெரும்பாடு.

வெறுங் கண்ணால் இதையெல்லாம் தீர்மானிப்பது கடினம். ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்ற விவாதம், 1878-ல் கலிபோர்னியாவில் மைப்ரிட்ஜ் என்பவர் காமிராக்களை வரிசையாக வைத்துப் படம் பிடித்த பிறகுதானே தீர்ந்தது? இன்று குழந்தையின் கால்களிலும் இடுப்பிலும் சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். சுற்றிலுமுள்ள காமிராக்கள் அவற்றைப் பின்தொடர்கின்றன. தரையில் பதித்த பலகைகள், பாதம் எவ்வளவு பலமாக ஊன்றுகிறதென்று காட்டுகின்றன. பலகை இருக்கும் இடத்தைக் குழந்தைக்குச் சொல்வதில்லை. சொன்னால் அதன்மேல் மிதிக்க வேண்டுமென்றே எட்டை மாற்றி வைத்துவிடும்!

ஆகவே, பெற்றோர் பழக்க வேண்டியது நடையை அல்ல, மனத்தைத்தான். நெற்றிக்கு வைக்கும் ஒட்டுப் பொட்டுகளை வீட்டிலேயே முழங்காலிலும் கணுக்காலிலும் ஒட்டி, நடக்கச் செய்து, பிறகு உரித்துக் காட்டலாம். பயம் பாதி போய்விடும். ஊசி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் தோலின் மேல் ஒட்டும் வில்லைகளே போதும். மெல்லிய கம்பியைத் தசைக்குள் செலுத்துவது சில சமயந்தான். "ஒன்றுமே செய்யமாட்டார்கள்" என்று பொய் சொன்னால், அடுத்த முறை உங்களை நம்பாது.

அன்று காலில் எண்ணெய் தடவ வேண்டாம், ஒட்டியது நிற்காது. அரை நிஜார், வழக்கமாய்ப் போடும் செருப்பு அல்லது பூட்ஸ், காலுக்குக் கட்டும் தாங்கி, ஊன்றுகோல், பழைய எக்ஸ்-ரே, ஆபரேஷன் விவரம் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். சிற்றுண்டியும் குடிதண்ணீரும் அவசியம். உள்ளே போனபின், "நேராக நட" என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

போலியோ ஒழிந்ததென்று 27 மார்ச் 2014-ல் நம் தேசம் சான்று பெற்றது. பெருமைப்பட வேண்டியதே. ஆயினும் வேறு காரணங்களால் கால் ஊனமுற்ற குழந்தைகள் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள். வீட்டிலும் வீதியிலும் அவர்கள் ஓயாமல் கேட்பது, "சரியாய் நட" என்ற ஒரே வார்த்தைதான். ஒரு நாளாவது, "உன் இஷ்டம்போல் நட, அப்பா" என்று சொன்னால் அந்த முகம் எப்படி மலர்கிறதென்று பார்க்க வேண்டும்.

இரண்டாம் முறை போகுமுன் நாம் அதைத்தான் சொல்லி அனுப்பினோம். மறுநாள் வகுப்புக்கு வந்த பையன், "எனக்கு எத்தனை மார்க்கு, ஸார்?" என்று கேட்டான்.

"இதில் உனக்கு மார்க்கு இல்லை. உன் நடையைப் பார்த்து டாக்டர்கள்தான் பாடம் படிக்கிறார்கள். முடிவு தெரியச் சில வாரங்கள் ஆகும்" என்றோம்.

"அவர்கள் நன்றாய்ப் படிப்பார்களா, ஸார்?" என்று கேட்டுவிட்டு, நுனிக்காலால் நடந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.