அமைதிக்கு அடியில் ஆர்ப்பாட்டம்

மேலே சலனமற்ற கடல். கீழே கட்டடம் உயர அலைகள். அவை கிளறும் வண்டல், ஆழ்கடல் சுரங்கக் கனவுகளுக்கு ஓர் எச்சரிக்கை.

காற்றே இல்லாத நாளிலும் அந்தமான் கடலில் நீண்ட பட்டையாக நீர் கொதிப்பது போலச் சலசலக்கும். கப்பலைக் கடந்து போகும். மாலுமிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டு வியந்த காட்சி. 1975இல் அப்போலோ-சோயுஸ் விண்கலத்திலிருந்து எடுத்த படங்களிலும் இந்தப் பட்டைகள் தெரிந்தன. 1980இல் ஆஸ்போர்ன், பர்ச் என்ற இரு விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு அடியில் நடப்பதை விளக்கியது: கடலுக்குள் சுமார் 60 மீட்டர் உயர அலைகள்!

கடல்நீர் அடுக்கடுக்கானது. மேலே வெதுவெதுப்பான, லேசான நீர். கீழே குளிர்ந்த, கனத்த நீர். கடலடி முகடுகளின் மீது ஓதம் நீரைத் தள்ளும்போது, இரு அடுக்குகளுக்கும் நடுவே அலை பிறக்கிறது. அடர்த்தியில் வித்தியாசம் ஆயிரத்தில் சில பங்குதான். அதனால் சிறிய உந்தலுக்கே அலை பிரம்மாண்டமாக எழும்புகிறது.

கடலடிச் சரிவில் மோதும்போது இந்த அலை கரையில் உடைவது போலவே உடைகிறது. அடித்தரையை உரசிச் சேற்றைக் கிளப்புகிறது. மணல் சீக்கிரமே விழுந்துவிடும். நுண்ணிய வண்டல் விழாது. கலங்கல் மேகமாகச் சரிவை விட்டு விலகி, ஆழ்கடலின் நடுநீரில் மிதந்து பரவும். தென்சீனக் கடலில் 200 மீட்டரைத் தாண்டும் உள்ளலைகள் உண்டு. அங்கே சரிவில் 16 மீட்டர் உயரம் வரை மணல்மேடுகள் எழுந்துள்ளன. பாலைவனம் கடலுக்கடியில் இருப்பது போல!

இந்தியாவுக்கு இதில் என்ன கவலை? மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிக்கல், கோபால்ட், செம்பு, மாங்கனீசு அடங்கிய உருண்டைகளைத் தேடும் உரிமை இந்தியாவிடம் இருக்கிறது. 2021இல் ஆழ்கடல் திட்டத்துக்கு ரூ. 4,077 கோடி ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. உருண்டைகள் கிடப்பதோ 5,000 மீட்டருக்கும் கீழே, மென்மையான களிமண் மீது. அள்ளும் இயந்திரம் களிமண்ணையும் கிளப்பாமல் விடாது.

ஓத அலைகளோ பிறந்த இடத்திலேயே அடங்குபவை அல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் பயணிப்பவை. வரைபடத்தில் எல்லை போட்டுத் தோண்டலாம். எழும்பிய தூசிக்கு எல்லை போடுவது யார்? அங்கே வண்டல் படிவது ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். தோண்டும் முன் அலைகளை அளந்து பார்ப்பது நல்லது.