உடல் அளவு மாறினால் உடைக்கு என்ன செய்வது?

பிரசவம், தைராய்டு, நீண்ட நாள் மருந்து என ஏதோ ஒரு காரணத்தால் உடல் அளவு மாறும்போது, அலமாரி நிறைய உடை இருந்தும் உடுத்த ஒன்றும் இருக்காது. வெளியே போகக் கூசி, மருத்துவரிடம் போக வேண்டிய நாளைக்கூடத் தள்ளிப்போடும் சகோதரிகள் உண்டு. மேலே புர்கா இருக்கிறதே என்று இறுக்கமான உடையைச் சகித்துக்கொள்ளவும் வேண்டாம்; கடன்பட்டு மொத்தமாக வாங்கவும் வேண்டாம்.

முதலில் பழைய கமீஸின் உள்பக்கத்தைப் பாருங்கள். துணி விட்டுத் தைத்திருந்தால், இரு பக்கத் தையலிலும் அரை அங்குலம் தளர்த்தினாலே சுற்றளவில் 2 அங்குலம் கூடும்.

கடைக்குப் போகுமுன் மார்பு, இடுப்பு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘எக்ஸ்எல்’ கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்போதைக்கு உள்ளாடை 3, நைட்டி 2, நாடா வைத்த சல்வாருடன் கமீஸ் 2 போதும். நாடா இருந்தால் அளவு மீண்டும் மாறினாலும் உதவும். பாலூட்டுபவர்கள் முன்பக்கம் ஜிப் வைத்ததாக வாங்கலாம். பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள், தைத்தபின் சுருங்காது.

உங்களுக்கு இனிச் சேராத நல்ல உடைகளைத் துவைத்து மடித்து, அளவை எழுதி வைத்து, தேவைப்படும் சகோதரிக்குக் கொடுங்கள். அவர் செலவு மிச்சமாகும்.