கொடுவா என்று நம்பி வேறு மீனை வாங்கிவிடாதீர்கள்: அடையாளம் காண்பது எப்படி?

திருவெண்ணெய்நல்லூர் கடற்கரை ஊர் அல்ல. ஆனால் ஊரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் கலக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வழியாகப் போனால் மரக்காணம் கடற்கரை வந்துவிடும். அதனால் இந்தப் பகுதியில் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர், விடுமுறை நாளில் தூண்டிலோடு முகத்துவாரத்துக்குப் போகிறவர், வீட்டுக்குக் கடல் மீன் வாங்குகிறவர் என எல்லோருக்கும் கொடுவா தெரிந்த மீன்தான். பெயர் தெரிந்த அளவுக்கு உருவம் தெரியுமா என்பதுதான் கேள்வி. கொடுவாவுக்கு நல்ல விலை உண்டு. அதனால் அதைப் போலவே தோற்றம் தரும் மீன்கள் அதன் பெயரில் கைமாறுவதும் உண்டு. உண்ணும் மீன் மாறிப்போனால் நஷ்டம் ஒரு வேளைச் சாப்பாட்டோடு முடியும். குட்டையில் விடும் குஞ்சு மாறிப்போனால் ஆறு மாதத் தீவனமும் உழைப்பும் போய்விடும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கொடுவாவின் அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். தெலுங்கில் பண்டுகப்பா, வங்காளத்தில் பேட்கி, ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி எல்லாம் இதே மீன்தான். ஆங்கிலத்தில் ‘ஆசிய சீ பாஸ்’ என்பார்கள். இந்த ‘சீ பாஸ்’ என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஐரோப்பிய சீ பாஸ் முற்றிலும் வேறு மீன். அதன் வால் பிளவுபட்டிருக்கும். சிலி நாட்டு சீ பாஸ் என்று பெரிய ஓட்டல்களில் பரிமாறுவது குளிர்கடலில் ஆழத்தில் வாழும் வேறொரு மீன். செல்போனில் ‘சீ பாஸ்’ என்று தேடிப் பார்த்து, வரும் படத்தை வைத்து நம் ஊர் மீனை ஒப்பிடாதீர்கள். ‘பாரமுண்டி’ என்று தேடினால் சரியான படம் கிடைக்கும்.

நிறத்தை நம்பாதீர்கள்

பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை, நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது. ஒரே கொடுவா கடலில் பிடிபட்டால் வெள்ளி போல மின்னும். கலங்கிய கழியிலோ ஆற்றிலோ வளர்ந்தால் முதுகு கருத்து, உடல் பழுப்பேறி இருக்கும். பனிக்கட்டியில் ஒரு நாள் கிடந்த மீனின் நிறமும் மாறிவிடும். நிறம் மாறினாலும் எலும்பும் துடுப்பும் மாறாது. பார்க்க வேண்டிய இடங்கள் அவைதான்.

வாயை மூடிய நிலையில் மீனைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். வளர்ந்த கொடுவாவின் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். நெற்றி நேராக ஏறாமல், கண்ணுக்கு மேலே குழிந்து, பிறகு முதுகு திடீரென்று உயரும். வாயைத் திறந்து விரலால் தடவினால் பற்கள் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும், கோரைப்பல் இருக்காது. நாக்கு வழுவழுப்பாக இருக்கும். இந்த நாக்கு அடையாளத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து கன்னம். செவுள் மூடிக்கு முன்னால் உள்ள எலும்பின் ஓரம் ரம்பம் போலப் பல் பல்லாகவும், அதன் கீழ்மூலையில் வலுவான ஒரு முள்ளும் இருக்கும். ‘கால்காரிஃபர்’ என்ற இலத்தீன் சொல்லுக்கே குதிமுள் தாங்கியது என்றுதான் பொருள். சேவலின் காலில் இருக்கும் முள்ளை நினைத்துக்கொண்டால் பெயர் மறக்காது.

முதுகுத் துடுப்பு இரண்டாகப் பிரிந்தது போல நடுவில் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். முள்கள் ஏழு முதல் ஒன்பது வரை. வால் பிளவில்லாமல் விசிறி போல வட்டமாக முடியும். உடலின் பக்கவாட்டில் ஓடும் கோடு வாலின் அடியோடு நிற்காமல் வால் துடுப்பின் மேலும் தொடரும். இந்தக் கடைசி அடையாளத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆனால் ஈரமான மீனை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும்.

எந்தெந்த மீன்கள் ஏமாற்றும்?

செப்பிலிதான் முதல் ஆள். கொடுவா திரியும் அதே அலையாத்தி வேர்களிலும் முகத்துவாரங்களிலும் இதுவும் திரியும். அதே இறாலுக்குத் தூண்டிலில் சிக்கும். பெரிய செப்பிலி செம்பு நிறத்தில் இருப்பதால் குழப்பம் குறைவு. சிறியது கழி நீரில் பழுப்பாக இருக்கும்போதுதான் கொடுவா என்று தோன்றும். வாயைத் திறந்தால் விடை கிடைத்துவிடும்: செப்பிலிக்கு முன்னால் நீண்ட கோரைப்பற்கள் உண்டு. வால் விசிறி போல வட்டமாக இல்லாமல் ஏறக்குறைய நேராக வெட்டியது போல இருக்கும். முதுகில் முள்கள் பத்து. துடுப்பில் ஆழமான வெட்டு இருக்காது.

களவாவுக்கும் வால் வட்டம்தான், வாயும் பெரியதுதான். அதனால் தலையை வெட்டி எறிந்துவிட்டு விற்கும்போது சிலர் ஏமாறுவார்கள். முதுகுத் துடுப்பு ஒரே தொடர்ச்சியாக, பதினோரு முள்களோடு இருந்தால் அது களவா. செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தது போல இருக்கும். கொடுவாவின் செதில் பெரியது, கைக்குச் சொரசொரக்கும். தலையோடு கிடைத்தால் செவுள் மூடியின் பின்புறம் பாருங்கள். களவாவுக்கு அங்கே தட்டையான மூன்று முள்கள் உண்டு. களவாவும் நல்ல மீன்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்டது கிடைத்ததா என்று தெரிந்துகொண்டு காசு கொடுப்பது நம் உரிமை.

இவை இரண்டும் தூரத்துச் சொந்தம். உண்மையில் கண்ணை ஏமாற்றுவது கொடுவாவின் சொந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மீன். அறிவியல் பெயர் சம்மோபெர்கா வைகியென்சிஸ்; ஆங்கிலத்தில் ‘சாண்ட் பாஸ்’ என்றும் சொல்வார்கள். பாறையும் கடல்தாவரமும் உள்ள இடங்களில் வாழும். அதே வட்ட வால், அதே வெட்டுப்பட்ட முதுகுத் துடுப்பு. விளக்கு வெளிச்சத்தில் கொடுவாவின் கண் மின்னுவது போல இதன் கண்ணும் மின்னும். ஆகவே கண்ணின் மினுமினுப்பை வைத்துச் சத்தியம் செய்யக்கூடாது. வேறுபாடு மூன்று இடங்களில். இதன் மேல்தாடை கண்ணின் நடுப்பகுதியோடு நின்றுவிடும். கொடுவாவின் இரண்டு நாசித்துளைகள் நெருக்கமாக இருக்கும். இதற்கு விலகி இருக்கும். நாக்கைத் தடவினால் பற்கள் தட்டுப்படும். கொடுவா பல கிலோ எடைக்கு வளரும். இது அரை மீட்டர் நீளத்தைக்கூடத் தாண்டுவதில்லை. ‘குட்டிக் கொடுவா, வளர்த்தால் பெரிதாகும்’ என்று யாராவது கொடுத்தால் நாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

படித்தவர்களுக்கும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது என்பது ஒரு ஆறுதல். கொடுவாவை 1790-ல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் விவரித்துப் பெயரிட்டார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியப் பெருங்கடல் ஓரத்து மீன்களை எல்லாம் அந்த ஒரே பெயரில்தான் எழுதிவந்தார்கள். 2012-ல் ரோகன் பெத்தியாகொட, ஆன்டனி கில் என்ற இரு ஆய்வாளர்கள் இலங்கையின் மேற்குப் பகுதி மீனும் மியான்மர் மீனும் தனித்தனி இனங்கள் என்று காட்டினார்கள். இலங்கை மீனுக்கு லேட்டஸ் லக்திவா என்று பெயர் வைத்தார்கள். அதன் உடல் சற்று ஒல்லி. வயிற்றடியில் வாலுக்கு முன்னே இருக்கும் துடுப்பின் மூன்றாவது முள் இரண்டாவதைவிட நீளம். மியான்மர் மீனில் மூன்றாவது முள் இரண்டாவதைவிடக் குட்டை. நம் சந்தையில் இந்த நுணுக்கம் விலையை மாற்றாது. ஆனால் ஒரு முள்ளின் நீளம் ஒரு இனத்தையே பிரித்துக் காட்டும் என்பதால், முள்ளை எண்ணச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

குஞ்சு வாங்கும்போது இன்னும் கவனம்

இதுவரை சொன்ன அடையாளங்களில் பாதி, குஞ்சுக்குப் பொருந்தாது. சிறு கொடுவாவின் தாடை கண்ணைத் தாண்டியிருக்காது. நெற்றிக் குழிவும் தெரியாது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குஞ்சைப் பார்த்தால் கருத்த பழுப்பு நிறத்தில், தலையிலும் பிடரியிலும் வெள்ளைக் கோடுகளும் முதுகில் ஒழுங்கற்ற வெள்ளைத் திட்டுகளும் இருக்கும். மூக்கிலிருந்து முதுகுத் துடுப்பு நோக்கி ஓடும் வெள்ளைக் கோடு நல்ல அடையாளம். வளர வளர இந்தப் புள்ளிகள் மறைந்து வெள்ளி நிறம் ஏறும். வெளிர் நிறத் தொட்டியில் வளர்ந்த குஞ்சு வெளிறியும் இருக்கலாம். அப்போது வாலைப் பாருங்கள், குஞ்சிலும் அது வட்டம்தான்.

முகத்துவாரத்தில் வலை போட்டு அள்ளிய குஞ்சு என்றால், அதில் கீச்சான் கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கீச்சானின் உடலில் தலையிலிருந்து வால் நோக்கி வில் போலக் கீழே வளைந்த கருங்கோடுகள் ஓடும். வாலிலும் கருப்புப் பட்டைகள் இருக்கும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீச்சான் குஞ்சு சும்மா தீவனத்தை மட்டும் தின்றுவிட்டுப் போவதில்லை. மற்ற மீன்களின் செதிலையே கடித்துத் தின்னும். செதில் போன இடத்தில் புண் வரும், புண் வழியே நோய் வரும். செப்பிலிக் குஞ்சும் கலந்திருக்கலாம். உடலில் குறுக்குப் பட்டைகளும் கண்ணுக்குக் கீழே நீலக் கோடும் இருந்தால் அது செப்பிலி. நூறு குஞ்சை ஒரு வெள்ளைப் பேசினில் விட்டு, ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். மொத்தப் பையையும் தூக்கிப் பார்த்துப் ‘பரவாயில்லை’ என்று வாங்குவதைவிட இது மேல்.

இன்னும் நல்ல வழி, பொரிப்பகக் குஞ்சு. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-ல் இந்தியாவில் முதல்முறையாகக் கொடுவாவை அடைப்பில் வைத்து இனப்பெருக்கம் செய்து காட்டியது. அதன் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டில் இருக்கிறது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவா குஞ்சுப் பொரிப்பகம் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் வாங்கினால் இனக் கலப்புக் கவலை இல்லை. கேட்க வேண்டியது வேறு: குஞ்சு மிதவைத் தீவனம் எடுக்கப் பழகிவிட்டதா, எந்த உப்பளவு நீரில் இருக்கிறது, அளவு வாரியாகப் பிரித்தார்களா?

கடைசிக் கேள்வி சாதாரணமானது அல்ல. கொடுவா தன் இனத்தையே தின்னும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு உள்ள குஞ்சைக்கூட விழுங்கிவிடும். பெரியதும் சிறியதும் கலந்து வாங்கினால் பத்து நாளில் எண்ணிக்கை குறையும், செத்த மீன் எதுவும் மிதக்காது. திருட்டுப் போய்விட்டது என்று காவலுக்கு ஆள் போடத் தோன்றும். சில நாளைக்கு ஒருமுறை அளவு பார்த்துப் பிரித்து விடுவதுதான் தீர்வு.

கொடுவா நன்னீரிலும் வளரும் என்பதால் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துப் பண்ணைக்குட்டைக்கும் அது வரலாம். ஆனால் உப்பு நீரில் இருந்த குஞ்சை நேரடியாகக் கிணற்று நீரில் கொட்டக்கூடாது. உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்க வேண்டும். கட்லா, ரோகு குஞ்சுகள் உள்ள குட்டையில் விட்டால் அவை கொடுவாவுக்குத் தீவனமாகிவிடும். மழைக்காலத்தில் கரை உடைந்து ஏரிக்குள் போகாதபடி வடிகாலில் வலை கட்டுங்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு

பிடித்தது எந்த மீன் என்று தெரிவது கைக்கும் பாதுகாப்பு. கொடுவாவின் கீழுதட்டை ஈரத்துணியோடு பிடிக்கலாம், பல் பெரிதாகக் காயப்படுத்தாது. ஆனால் செவுள் மூடிக்குள் விரல் விட்டால் கத்தி போல அறுத்துவிடும். செப்பிலியிடம் இது தலைகீழ்: வாய்க்குள் விரலே போகக்கூடாது. இருட்டில் எது என்று தெரியாதபோது வலைக்கூடையால் தூக்கி, இடுக்கியால் தூண்டில் முள்ளை எடுங்கள்.

மரக்காணம் பக்கம் போகிறவர்கள், கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். எந்த இடத்தில் தூண்டில் போடலாம் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

கொடுவாவைப் பற்றி இன்னொரு விஷயம். இது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பிறகு பெண்ணாக மாறும் மீன். ஒரு கிலோ மீன் பெரும்பாலும் ஒருமுறைகூட இனப்பெருக்கம் செய்திருக்காது. மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண்கள். இலட்சக்கணக்கில் முட்டையிடுபவை அவைதான். உண்ண ஒன்று போதும் என்றால் இடைப்பட்ட அளவை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

துண்டு மீன் வாங்கும்போது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாளில் கடல் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். பெயர் மாற்றி விற்க ஆசை வருவதும் அப்போதுதான். முழு மீனாக இருந்தால் மேலே சொன்ன அடையாளங்கள் போதும். தோல் உரித்த வெள்ளைத் துண்டாக இருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. வளர்ப்புக் கெளிறு இனமான பாசா துண்டும் அதே வெள்ளைதான். பாசாவுக்குச் செதிலே கிடையாது. ஆகவே தோலோடும் சில செதிலோடும் வெட்டித் தரச் சொல்லுங்கள். முடிந்தால் வாலையும் சேர்த்து வாங்குங்கள். கடைக்காரர் தயங்கினால் அன்றைக்கு வேறு மீன் வாங்கிக்கொள்ளலாம்.

குஞ்சு, வளர்ப்பு, மானியம் தொடர்பான விவரங்களுக்கு உங்கள் பகுதி மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகலாம். போகும்போது சந்தேகப்படும் மீனைச் செல்போனில் மூன்று படம் எடுத்துக்கொண்டு போங்கள்: வாய் மூடிய பக்கவாட்டுத் தோற்றம், விரித்துப் பிடித்த முதுகுத் துடுப்பு, விரித்த வால்.