மேஜைக்குக் கீழே குனிஞ்சு பார்த்தீங்களா?

உங்க வீட்டு மர மேஜைக்குக் கீழே கடைசியா எப்போ குனிஞ்சு பார்த்தீங்க? பேனா மூடி உருண்டு போனப்பவா? நானும் அப்படித்தான் பாஸ். போன கார்த்திகையில, ஸ்டடி ஹாலிடேஸ் சமயம், மூடியைத் தேடிக் குனிஞ்சேன். மூடி கிடைக்கலை. சுவரிலிருந்து மேஜையின் பின்னங்காலுக்கு ஒரு மண் கோடு ஏறிப் போயிருந்தது!

கரையான்.

அது எங்க தாத்தா 1968-ல் கும்பகோணத்துல செய்யச் சொல்லி வாங்கின தேக்கு மேஜை. அப்பா அதுலதான் படிச்சார், அத்தை அதுலதான் படிச்சாங்க, நான் அதுல உட்கார்ந்துதான் அரியர் வெச்சேன். வீட்டுல தெரிஞ்சா அம்மா பழைய சாமான் கடைக்குப் போட்டுடுவாங்க. ஸோ, நானே சரி பண்ணிடலாம்னு இறங்கினேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற திமிர்! மண்ணைச் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊத்தி, சோப்புத் தண்ணியில கழுவி, ஃப்ரெண்டைக் கூப்பிட்டு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய், மழை விட்டதும் சுள்ளுனு அடிச்ச வெயில்ல வெச்சாச்சு. சாயங்காலம் பார்த்தா, மேல் பலகையில ஒரு முழ நீளத்துக்கு விரிசல்.

அப்புறம்தான் ஆசாரி வந்தார். "தம்பி, கரையான் காலைத்தான் தின்னுச்சு. பலகையைத் தின்னது நீ!"

விஷயம் இதுதான். மரத்தை வெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் அது காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், கக்கும். ஈரம் குடிச்சா அகலவாக்குல பருக்கும். நீளவாக்குல அனேகமா அசையாது. மழைக்காலத்துல டிராயர் இறுகிக்கறது இதனாலதான். (அவசரப்பட்டு இழைச்சுடாதீங்க, பங்குனியில லொடலொடன்னு ஆடும். உரசுற ஓரத்துல மெழுகுவர்த்தியைத் தேய்ங்க, போதும்.) நனைஞ்ச பலகையை வெயில்ல வெச்சா மேல்பக்கம் சட்டுனு காய்ஞ்சு சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். பிளக்காம என்ன பண்ணும்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல நான் பாஸ் வேற!

தேக்கைக் கரையான் தொடாதேன்னு கேட்பீங்க. நானும் கேட்டேன். வைரம் பாய்ஞ்ச நடுப்பகுதியைத்தான் அது லேசுல தொடாது. அதுல இருக்கிற டெக்டோகுவினோன் மாதிரியான பொருள்கள் கரையானுக்கு ஆகாது. ஓரத்து வெள்ளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. எங்க மேஜையோட பின்னங்கால் முழுக்க வெள்ளை. தாத்தா அன்னிக்குக் காசு மிச்சம் பிடிச்ச இடம்!

மண்ணெண்ணெய் பட்ட கரையான் சாகும்தான். ஆனா புத்து தரைக்குக் கீழே எங்கேயோ இருக்கு, ராணி ஜாலியா முட்டை போட்டுட்டு இருக்கும். நம்ம ஊர்ல பெரிய புத்து கட்டுற வகைகள், தின்ன மரத்தை வெச்சு உள்ளே காளான் வளர்த்துச் சாப்பிடுற விவசாயிங்க, தெரியுமா? அதனால சுவர் ஓதத்தையும் தரை வெடிப்பையும் முதல்ல சரி பண்ணணும். தரையில துளை போட்டு மருந்து அடிக்கிற வேலையைத் தெரிஞ்சவங்க கையில விட்டுடுங்க.

மண் கோடே இல்லாம, குண்டூசித் துளையும் மைதா மாதிரி தூளும் இருந்தா அது உளு வண்டு. மாமரம், ரப்பர் மரச் சாமான்கள்ல சகஜம். அடியில ஒரு பேப்பர் விரிச்சு வைங்க. மறுபடி தூள் விழுந்தா உள்ளே ஆள் இருக்குன்னு அர்த்தம்.

பழைய மேஜைன்னா பெரும்பாலும் ஃப்ரெஞ்ச் பாலிஷ்தான். அதாவது, அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சுப் பூசினது. சூடான காபி டம்ளரை வெச்சா வெள்ளை வளையம் விழும். சானிடைஸர் சிந்தினா பாலிஷே கரையும், ரெண்டும் ஆல்கஹால் விவகாரமாச்சே! துடைக்க உலர்ந்த காட்டன் துணி போதும்.

தாத்தாவுக்கு 86 வயசு. திட்டுவார்னு நினைச்சேன். கம்பை ஊன்றி வந்தார், டிராயரை இழுத்தார், உள்ளே அவர் பென்சில்ல எழுதின தேதி இருக்கான்னு பார்த்தார், போயிட்டார்.

மேஜை இப்போ சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி நிக்குது. விரிசலை ஆசாரி மரத்தூளும் ஃபெவிகாலும் குழைச்சு அடைச்சுட்டார். மூணு கால் கறுப்பு, புதுசு மட்டும் வெளுப்பு. கலர் குடுத்து ஒண்ணாக்கிடவான்னு அவர் கேட்டப்போ, தாத்தாதான் வேண்டாம்னுட்டார்.

"இருக்கட்டும்ப்பா. எங்க வீட்டு இன்ஜினீயர் பண்ணின வேலைன்னு வர்றவங்களுக்குக் காட்டணும்ல!"